திருகோணமலையில் ஈர்ப்பு 9.78

பாடப்புத்தகங்களில் அந்த எண் 9.81. கையிலிருந்து நழுவிய பொருள் ஒவ்வொரு செக்கனிலும் தன் வேகத்தை எவ்வளவு கூட்டிக்கொள்கிறது என்று சொல்லும் எண் அது. பௌதிகவியலில் அதற்கு ஈர்வை ஆர்முடுகல் என்று பெயர். க.பொ.த. உயர்தரத்தில் கணக்கு இலகுவாக வரட்டும் என்று அதைப் பெரும்பாலும் 10 ஆக்கிவிடுவார்கள். ஆனால் திருகோணமலையில் நின்று ஒரு கல்லை விழ விட்டால், அதன் வேகம் செக்கனுக்கு 10 என்றும் கூடாது, 9.81 என்றும் கூடாது. ஏறத்தாழ 9.78 மீற்றர் வீதம்தான் கூடும். 9.81 என்பது இலண்டன், பாரிஸ் பக்கத்து எண். புத்தகம் அங்கிருந்து வந்தபோது எண்ணும் கூடவே வந்துவிட்டது.

பூமி சுழல்வதால் இடுப்பில் பருத்திருக்கிறது. மத்திய கோட்டில் நிற்பவர், துருவத்தில் நிற்பவரைவிடப் பூமியின் மையத்திலிருந்து 21 கிலோமீற்றர் அதிகம் விலகி நிற்கிறார். சுழற்சியும் அவருடைய நிறையில் சிறு பங்கைக் கழித்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து துருவத்தில் 9.83 ஆக இருக்கும் எண்ணை மத்திய கோட்டில் 9.78 ஆக்குகின்றன. இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கடிகாரம். 1672இல் ஜோன் றிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குப் போனார். பாரிஸில் ஒழுங்காக ஓடிய அவரது ஊசற் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலை மூன்று மில்லிமீற்றர் அளவுக்குக் குறுக்கிய பிறகுதான் நேரம் சரிவந்தது. நியூற்றன் இந்தச் செய்தியைப் பூமியின் உருவத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். அதே கடிகாரத்தைத் திருகோணமலைத் துறைமுகத்தில் இறக்கியிருந்தால் நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்தியிருக்கும்.

இந்த எண்ணைத் தம் கையால் அளந்து பார்ப்பது பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு பௌதிகவியல் மாணவர்களின் வேலைகளில் ஒன்று. திருகோணமலையில் அதற்கான இடம், நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். மட்டக்களப்பு வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது கிழக்குப் பல்கலைக்கழகம். திருகோணமலைக் கிளை 2001இல் வளாகமாகத் தரமுயர்ந்தது. அதன் பிரயோக விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியலும் இலத்திரனியலும் படிக்கலாம். மாணவர் ஊசலை அளக்கிறார். பல்கலைக்கழகம் மாணவரை அளக்கிறது. இரண்டு அளவீடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பரீட்சைப் புள்ளி என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் எண்ணுக்குள் எவ்வளவு நுட்பம் ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

மாணவரை அளப்பது அவர் வளாகத்துக்குள் கால் வைக்க முன்னரே தொடங்கிவிடுகிறது. இலங்கையில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி என்ற முறை இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தட்டில் முன்வைத்தது. ஒரு வருடம் பௌதிகவியல் வினாத்தாள் கடினம், இரசாயனவியல் இலகு என்று வைத்துக்கொள்வோம். பௌதிகவியலில் 65 எடுத்தவரையும் இரசாயனவியலில் 65 எடுத்தவரையும் சமமாக நடத்துவது அநியாயம். அதனால் ஒருவருடைய புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, மிச்சத்தை நியம விலகலால் வகுக்கிறார்கள். நியம விலகல் என்பது எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு. சராசரி 35, நியம விலகல் 15 என்றால் 65 எடுத்தவரின் இசட் புள்ளி 2. சராசரி 55, நியம விலகல் 10 என்றால் அதே 65க்கு 1 மட்டுமே. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் சராசரியாக்கினால் கடைசியில் வருவது தசம தானங்கள் நீளும் ஒற்றை எண். அந்தத் தசமத்தின் நான்காம் இலக்கத்தில் தலைவிதி மாறிய பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள்.

இந்த எண்ணின் அடித்தளம் எவ்வளவு மென்மையானது என்பதை நாடே ஒருமுறை பார்த்தது. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதியதில் இன்னொரு கூட்டமும் தோற்றின. இரு கூட்டங்களுக்கும் சராசரி வேறு, சிதறலும் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012இல் நீதிமன்றம் அந்தக் கணிப்பை இரத்துச் செய்து, இரு கூட்டங்களுக்கும் தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. சராசரியும் நியம விலகலும் யாருடையவை என்ற கேள்வி, ஒரு நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் தீர்மானிக்கப்பட வேண்டிய விடயமாக நின்றது.

இசட் புள்ளியோடும் கதை முடிவதில்லை. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமை வரிசைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக என்று பிரிப்பது நீண்டகால வழக்கம். திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. தனியார் வகுப்புக்கு நாற்பது கிலோமீற்றர் பஸ்ஸில் போய் வந்த பிள்ளையும், வீட்டுக்கு எதிரிலேயே மூன்று டியூட்டரி இருந்த பிள்ளையும் ஒரே விரிவுரை மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இதனால்தான். முதலாம் ஆண்டு விரிவுரையாளர் எதிர்கொள்ளும் வகுப்பு இது.

அந்த மண்டபத்தில் பாடங்களைக் கிரெடிட் என்ற அலகில் அளக்கிறார்கள். இலங்கையின் தேசியத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். விரிவுரை என்றால் அதில் 15 மணிநேரம்தான் மண்டபத்தில் கழியும். பொறிமுறை என்ற மூன்று கிரெடிட் பாடத்தை எடுத்துக்கொண்டால் மொத்தம் 150 மணிநேரம். அதில் 45 மணிநேரம் விரிவுரை. மீதி 105 மணிநேரமும் நூலகத்திலும் விடுதி மேசையிலும் கரும்பலகையே இல்லாமல் நடக்க வேண்டிய படிப்பு. ஓர் அரையாண்டில் 15 கிரெடிட், 15 வாரம் என்று போட்டால் வாரத்துக்கு 50 மணிநேரம் வருகிறது. ஓர் அலுவலக ஊழியரின் வாரத்தைவிட நீளமான வாரம். பாடத்திட்டத்தில் ஓரமாக அச்சடித்திருக்கும் 3 என்ற அந்தச் சின்ன எண்ணை விரித்துப் பார்க்கும் மாணவர் குறைவு என்பது என் எண்ணம்.

ஆய்வுகூடத்துக்குள் போவோம். முதல் வாரங்களில் கைக்கு வருவது வேணியர் இடுக்கிமானி. 1631இல் பியர் வேணியர் வெளியிட்ட உத்தி அது. பிரதான அளவிடையில் ஒரு பிரிவு ஒரு மில்லிமீற்றர். அதன்மேல் வழுக்கும் சிறு அளவிடையில் 9 மில்லிமீற்றரைப் பத்தாகப் பிரித்திருக்கிறார்கள். இரு கோடுகள் எங்கே நேருக்கு நேர் பொருந்துகின்றன என்று பார்த்தால் மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றை வாசித்துவிடலாம். இதில் மனிதக் கண்ணின் ஓர் இரகசியம் பயன்படுகிறது. அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காணும் திறனைவிட, இரண்டு கோடுகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா, சற்று விலகியுள்ளனவா என்று கண்டுபிடிக்கும் திறன் நம் கண்ணுக்குப் பல மடங்கு கூர்மை. வில்லையோ பற்றரியோ இல்லாத ஒரு சட்டம், நம் பார்வையின் மிகக் கூரிய முனையைப் பிடித்து வேலை வாங்குகிறது.

அடுத்து எளிய ஊசல். ஒரு நூல், ஒரு பித்தளைக் குண்டு, ஒரு நிறுத்தற் கடிகாரம். இவ்வளவும் போதும், பூமியின் ஈர்ப்பை அளந்துவிடலாம். மேசையடியில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"தங்கச்சி, எத்தனை அலைவு எண்ணினீங்கள்?"

"ஐம்பது, சேர்."

"எங்க இருந்து எண்ணத் தொடங்கினீங்கள்? ஓரத்திலயா, நடுவிலயா?"

"ஓரத்தில, சேர். அங்கதானே நிக்குது, பார்க்கச் சுகம்."

"நிக்கிற இடத்தில எப்ப நிண்டது எண்டு எப்பிடித் தெரியும்?"

கேள்வி சின்னது. ஆனால் அதில் பாதிப் பாடம் இருக்கிறது. ஒரு மீற்றர் ஊசலை ஐந்து சென்ரிமீற்றர் இழுத்து விட்டால், ஓரத்தில் குண்டு கடைசி ஒரு மில்லிமீற்றருக்குள் 0.13 செக்கன் தங்குகிறது. எந்தக் கணத்தில் அது திரும்பியது என்று கண் தடுமாறும். நடுவில் அதே ஒரு மில்லிமீற்றரை 0.006 செக்கனில் தாண்டிவிடுகிறது. நிற்பதுபோல் தெரியும் இடத்தைவிட, வேகமாகக் கடக்கும் இடமே இருபது மடங்கு தெளிவான குறி. அதனால்தான் நடுவில் ஓர் ஊசியை நிறுத்தி, குண்டு அதைக் கடக்கும்போது "மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம்" என்று எண்ணிக் கடிகாரத்தை அழுத்துகிறார்கள்.

ஐம்பது அலைவு எண்ணுவதிலும் சூட்சுமம் உண்டு. ஒரு மீற்றர் ஊசலின் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 2 செக்கன். மனித விரல் கண்ணுக்குப் பின்னால் ஐந்தில் ஒரு செக்கன் பிந்தும். ஒற்றை அலைவை அளந்தால் அந்த வழு பத்து வீதம். ஐம்பது அலைவுகளை ஒன்றாக அளந்தால் மொத்தம் 100 செக்கன், வழு அதே ஐந்தில் ஒரு செக்கன்தான். ஐம்பதால் வகுத்ததும் அது ஓர் அலைவுக்கு 0.004 செக்கனாகச் சுருங்கிவிடுகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் விரல் ஒரேயளவு பிந்தினால் அதில் பெரும்பகுதி தானே கழிந்தும் போகும்.

நூலின் நீளத்தை எங்கிருந்து எங்கே அளப்பது? தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. ஆனால் குண்டின் மையம் உலோகத்துக்குள் இருக்கிறது, அதைத் தொட முடியாது. இதற்கு ஒரு வரைபு விடை தருகிறது. ஐந்தாறு வெவ்வேறு நீளங்களுக்கு அலைவு காலத்தை அளந்து, அதன் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வரும். மையத்தைத் தவறாக ஊகித்திருந்தால் கோடு முழுவதும் பக்கவாட்டில் நகருமே தவிர அதன் சரிவு மாறாது. ஈர்ப்பு எண் அந்தச் சரிவுக்குள் மட்டும் இருக்கிறது. தெரியாத ஒன்றைத் தெரியாமலேயே விட்டுவிட்டு, தெரிய வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்த வித்தை, முதலாம் ஆண்டில் கற்கும் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகு நல்ல மாணவர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடியது 9.78, கூட்டல் கழித்தல் 0.02 என்ற அளவு. இலண்டனுக்கும் திருகோணமலைக்கும் உள்ள வித்தியாசம் 0.03. ஒரு மீற்றர் ஊசலின் 50 அலைவில் அந்த வித்தியாசம் 0.15 செக்கன், அதாவது விரல் பிந்தும் நேரத்துக்குள் அடங்கிவிடும் வித்தியாசம். தனியொருவரால் இரு ஊர்களையும் பிரித்துக் காட்டுவது கடினம். ஆனால் நாற்பது பேரின் விடைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் தற்செயல் வழு நாற்பதின் வர்க்கமூலத்தால், அதாவது ஆறு மடங்குக்கும் மேல் குறைகிறது. 0.02 என்பது 0.003 ஆகிறது. எந்தத் தனி மாணவரும் காணாத ஒன்றை வகுப்பு கண்டுபிடித்துவிடுகிறது: நாம் ஐரோப்பாவில் இல்லை, மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

வாசிப்பைக் குக் பண்ணுவது என்று மாணவர்கள் சொல்லும் பழக்கம் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். ஒருவருக்கு 9.81 வந்தால் சந்தேகிக்க ஒன்றுமில்லை, அது வழு எல்லைக்கு அவ்வளவு தூரமில்லை. ஆனால் வகுப்பில் பாதிப் பேருக்கும் அச்சொட்டாக 9.81 வந்தால், அந்த எண் ஊசலிலிருந்து வரவில்லை, புத்தகத்திலிருந்து வந்திருக்கிறது. உண்மையான வாசிப்புகள் சிதறும். சிதறாத வாசிப்பு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். செய்முறைக் கொப்பிக்குப் புள்ளி போடுபவர் விடை புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தால், பொய்க்குப் பரிசு கொடுத்தவராகிவிடுவார். வழு மதிப்பீட்டுக்கும் வரைபுக்கும் முடிவுரைக்கும் தனித்தனிப் புள்ளி வைப்பதன் காரணம் இது.

இனி பரீட்சை. பெரும்பாலான பீடங்களில் அரையாண்டின் நடுவில் நடக்கும் சிறு தேர்வுகளுக்கும் ஒப்படைகளுக்கும் ஒரு பங்கு, இறுதிப் பரீட்சைக்குப் பெரிய பங்கு. விரிவுரைகளுக்கு 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை மண்டபக் கதவு திறக்காது. வினாக்களில் பல்தேர்வு வினாவைப் பலர் குறைத்து மதிப்பிடுவார்கள்: கண்ணை மூடிக்கொண்டு கீறினாலும் புள்ளி வருமே என்று. உயர்தரப் பௌதிகவியலின் முதலாம் வினாத்தாளில் 50 வினா, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை. முற்றிலும் குருட்டுத்தனமாகக் கீறினால் சராசரியாகப் பத்து சரிவரும். அப்படியே 25ஐத் தொட எவ்வளவு வாய்ப்பு? பத்து இலட்சம் பேர் குருட்டுத்தனமாக எழுதினால் இரண்டு பேருக்குக் கிட்டும். ஒவ்வொரு வினாவிலும் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டு. ஐம்பது வினாக்கள் சேர்ந்ததும் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது.

கட்டுரை வினாக்களைத் திருத்துவது வேறு விதமான நுட்பம். புள்ளித்திட்டம் ஒவ்வொரு படிக்கும் புள்ளி ஒதுக்குகிறது. சுயாதீன விசை வரிப்படத்துக்கு இத்தனை, சமன்பாட்டுக்கு இத்தனை, அலகுக்கு ஒன்று. முதல் பகுதியில் ஒருவர் கழித்தலில் பிழைவிட்டு, அந்தப் பிழையான விடையை இரண்டாம் பகுதியில் சரியான முறையில் பயன்படுத்தினால், பிழைக்கான புள்ளி ஒருமுறைதான் போகும். திருத்துபவர் மாணவரின் பிழையான எண்ணை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து என்ன விடை வந்திருக்க வேண்டும் என்று தானே புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கட்டு விடைத்தாளில் எத்தனை விதமான பிழையோ அத்தனை புதிய கணக்குகள்.

விடைத்தாளில் பெயர் இல்லை, சுட்டெண் மட்டுமே. வினாத்தாளை இன்னொருவர் முன்கூட்டியே பரிசீலித்திருப்பார். விடைத்தாளை முதல் பரீட்சகர் திருத்திய பின் இரண்டாம் பரீட்சகரிடம் கொடுப்பார்கள். ஒருவருடைய மனநிலை, களைப்பு, கையெழுத்தில் வரும் எரிச்சல் எல்லாம் தற்செயல் வழுக்கள். இருவரும் ஒருவரையொருவர் பாதிக்காமல் திருத்திச் சராசரி எடுத்தால் அந்த வழு 1.4 மடங்கு குறைகிறது. இருவரும் பெரிதாக வேறுபட்டால் தாள் மீண்டும் பார்க்கப்படும். பிறகு பரீட்சகர் சபை, அதன்பின் மூதவை. கடைசியில் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும் ஒற்றை எழுத்துக்குப் பின்னால் இவ்வளவு கைகள் இருக்கின்றன.

அந்த எழுத்தில் ஒரு முரட்டுத்தனமும் இருக்கிறது. பல பீடங்களில் 40 எடுத்தால் சி, தரப்புள்ளி 2.00. 39 எடுத்தால் சி மைனஸ், 1.70. நேர்மையாகச் சொன்னால் எந்தப் பரீட்சைப் புள்ளியும் கூட்டல் கழித்தல் மூன்று நான்கு இல்லாமல் வராது. ஊசலின் 9.78க்குப் பக்கத்தில் வழுவை எழுதாவிட்டால் மாணவருக்குப் புள்ளி குறைக்கும் நாம், மாணவரின் 39க்குப் பக்கத்தில் எதையும் எழுதுவதில்லை. இதை எழுதத் தொடங்க வேண்டும் என்றுகூட நான் சொல்வேன். பட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் நிலைமை நல்லது. நான்கு ஆண்டில் 120 கிரெடிட், பாடங்கள் நாற்பது அளவில். தரப்புள்ளிச் சராசரி என்ற ஜி.பி.ஏ.யில் ஒவ்வொரு பாடத்தின் தற்செயல் ஏற்ற இறக்கமும் மற்றவற்றோடு மோதிக் கழிகிறது. ஆய்வுகூடத்தில் வகுப்புக்கு உதவிய அதே நாற்பதின் வர்க்கமூலம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. தனிப் பாடத்தின் எழுத்து நடுங்கும், பட்டத்தின் சராசரி பெரும்பாலும் நிலைத்து நிற்கும்.

ஆனால் சராசரி எடுத்துக் கரைக்க முடியாத வழுவும் உண்டு. முள் பூச்சியத்தில் தொடங்காத தராசில் மீனை நூறு தரம் நிறுத்தாலும் நூறு தரமும் ஒரே பக்கம்தான் ஏமாற்றும். இதை முறைசார் வழு என்பார்கள். கோணேசபுரி மண்டபத்தில் தமிழ், சிங்கள மொழிகளில் உயர்தரம் படித்த பிள்ளைகள் ஒன்றாக இருக்கிறார்கள். விஞ்ஞான பீடங்களில் விரிவுரையும் வினாத்தாளும் ஆங்கிலத்தில். பௌதிகவியல் தெரிந்தும் வினாவை வாசிக்க இரண்டு மடங்கு நேரம் எடுக்கும் மாணவருக்கு, எந்தப் பாடத்திலும் எந்த அரையாண்டிலும் புள்ளி ஒரே பக்கமாகவே சரியும். இரண்டாம் பரீட்சகராலும் இதைப் பிடிக்க முடியாது. நாற்பது பாடங்களின் சராசரியாலும் அழிக்க முடியாது.

இன்னொரு முறைசார் வழு உலகம் முழுவதற்கும் பொது. கோணேஸ்வரத்தில் இராவணன் வெட்டின் உச்சியிலிருந்து ஒரு தேங்காயையும் ஒரு தேசிக்காயையும் ஒரே கணத்தில் விடுகிறோம். காற்றுத் தடையை மறந்துவிடுவோம். எது முதலில் கடலைத் தொடும்? உயரம் 100 மீற்றர் என்றால் இரண்டுக்கும் 4.5 செக்கன்தான். சமன்பாட்டில் இட்டுக் கணக்குப் போடச் சொன்னால் எல்லோரும் சரியாகப் போடுவார்கள். சமன்பாடு இல்லாமல் கேட்டால் தேங்காய் என்று சொல்பவர்கள் ஏராளம். 1992இல் டேவிட் ஹெஸ்ரெனஸ், மல்கம் வெல்ஸ், கிரெக் சுவாக்ஹமர் ஆகிய மூவரும் அமெரிக்காவில் இத்தகைய வினாக்களைத் தொகுத்து விசைக் கருத்துத் தேர்வு ஒன்றை வெளியிட்டார்கள். இன்றைய வடிவில் முப்பது வினா, கணக்கே கிடையாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் இத்தகைய தேர்வு ஒன்றைத் தன் வகுப்புக்குக் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்டது பிரபலம்: நீங்கள் படிப்பித்தபடி எழுதவா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதவா? பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பலரின் மனத்தில் நியூற்றன் குடியேறவே இல்லை என்று இத்தகைய வினாக்கள் காட்டின.

றிச்சர்ட் ஹேக் என்ற பௌதிகவியலாளர் 1998இல் 62 பாடநெறிகளில் படித்த 6,542 மாணவர்களின் இத்தகைய தேர்வு முடிவுகளைத் திரட்டினார். அவர் பயன்படுத்திய அளவுகோல் அழகானது. பாடநெறியின் தொடக்கத்தில் ஒரு வகுப்பு 40 வீதம் எடுத்தால் அது இன்னும் ஏறக்கூடிய உயரம் 60. முடிவில் 55 எடுத்தால் ஏறியது 15, அதாவது ஏறக்கூடியதில் கால்வாசி. விரிவுரையாளர் பேச மாணவர் எழுதும் வழமையான வகுப்புகளில் இந்தப் பங்கு சராசரியாக 0.23. மாணவர் பேசி, வாதாடி, முன்கூட்டியே விடை ஊகித்துப் பார்க்கும் வகுப்புகளில் 0.48. வழமையான வகுப்புகளின் எண்கள் யார் படிப்பித்தாலும் கால்வாசியைச் சுற்றியே நெருக்கமாகக் கிடந்தன. சிறந்த பேச்சாளரின் வகுப்பும் சாதாரணப் பேச்சாளரின் வகுப்பும் இந்த அளவுகோலில் கிட்டத்தட்ட ஒன்றே.

அந்த மாணவியின் கேள்விக்குப் பின் மசூர் தன் விரிவுரையை உடைத்துப்போட்டார். பத்துப் பதினைந்து நிமிடம் பேச்சு, பிறகு ஒரு கருத்து வினா. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைத் தெரிவிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் சரியாகச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லி மறுபடி விடை கேட்பார். கருவி எதுவும் தேவையில்லை, விரலைக் காட்டினாலே போதும். கோணேசபுரி போன்ற மண்டபத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. வினா ஆங்கிலத்தில் திரையில் இருக்கட்டும். அந்த இரண்டு நிமிடமும் பிள்ளைகள் தமிழிலும் சிங்களத்திலும் அடிபடுவார்கள். "டேய், நிறை கூடினா விசையும் கூடும், ஆனா அசைக்கிறதும் கஷ்டம்தானே" என்று ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்லும்போது, விரிவுரையாளர் ஆங்கிலத்தில் ஒரு மணிநேரம் விளக்கியது ஒரே வரியில் இறங்கிவிடும்.

கெட்டிக்காரன் சொல்லிக் கொடுத்த விடையை மற்றவன் பார்த்து எழுதுவதுதானே இது என்று கேட்பவர்களுக்காக 2009இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் மிஷெல் சிமித்தும் சகாக்களும் செய்தது. பேச்சு முடிந்த கையோடு, அதே கருத்தில் வேறு உருவத்தில் இரண்டாவது வினா ஒன்றைக் கொடுத்துத் தனித்தனியாக விடை எழுதச் சொன்னார்கள். இரண்டாவது வினாவிலும் விடைகள் திருந்தியிருந்தன. குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் சரியான விடை தெரியாதிருந்த மேசைகளிலும் அப்படித்தான்.